அந்தக் கடலையைப் பிடுங்கச் சொன்னது யார்?

கேள்வி: என் வயது 31. புதுக்கோட்டை மாவட்டம். மாமனாருக்கும் அவர் தம்பிக்கும் கூட்டுப் பட்டாவில் 2 ஏக்கர் 40 சென்ட். வரப்புத் தகராறு முற்றி வெட்டுக்குத்தாகி சின்ன மாமனார் இறந்துவிட்டார். புகார் கொடுத்தது சின்ன மாமியார். வழக்கில் மாமனார் ஏ1 (முதல் எதிரி), கொழுந்தன் ஏ2, என் கணவர் ஏ3, மாமியார் ஏ4. வெட்டியது மாமனாரும் கொழுந்தனும்தான். சின்ன மாமனாரின் கையை என் கணவர் பிடித்துக்கொண்டதாகப் போலீஸ் எழுதியிருக்கிறது. 47 நாளாக உள்ளே இருக்கிறார். மாமியாருக்கு செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. மற்ற மூவரும் சேர்ந்து போட்ட மனு தள்ளுபடி. ‘ஏ4-க்குக் கொடுத்ததைக் காட்டியே மதுரை ஹைகோர்ட்டில் வாங்கிவிடலாம்’ என்கிறார் வக்கீல். செலவுக்கு வழியில்லை. தகராறு இடத்தில் கடலை முற்றிக் கிடந்தது. சின்ன மாமனார் போட்டதுதான். மாமனாரைச் சிறையில் மனு போட்டுப் பார்த்தபோது அவர் சொன்னார் என்று, போன வாரம் மாமியார் ஆள் விட்டுப் பிடுங்கிவிட்டார். எனக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். கணவருக்கு எப்போது ஜாமீன் கிடைக்கும்?

பதில்: அம்மா, நீங்கள் தேதி கேட்கிறீர்கள். அதைத் தள்ளிப்போடப்போகிற விஷயத்தைச் செலவுக்கு வழியில்லை என்பதற்கு அடுத்தபடியாக, ஏதோ வீட்டுக் கணக்கு சொல்வதுபோல எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். கடலை.

விதைத்தவர் செத்து இரண்டு மாதம் ஆகவில்லை. அவர் உங்கள் கணவருக்கு யாரோ அல்ல, சித்தப்பா. அந்த வீட்டுக் கருமாதியில் கொள்ளி வைத்தவனுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய பங்காளிகள் கொலை வழக்கில் உள்ளே இருக்கிறார்கள். வெளியே இருக்கிறவர் அவர் போட்ட பயிரைப் பிடுங்கி மூட்டை கட்டுகிறார். நிலம் எங்களுடையது என்பீர்கள். இருக்கட்டும். விதையும் உழைப்பும் யாருடையது? இது கூடாது என்று மாமியாரிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

இனி கோர்ட் இதை எப்படிப் பார்க்கும் என்று கேளுங்கள். கொலை வழக்கில் ஜாமீன் கொடுக்கும்போது நீதிபதி பார்க்கவேண்டியவற்றை உச்ச நீதிமன்றம் பிரசாந்த குமார் சர்க்கார் வழக்கில் (2010) வரிசையாகச் சொல்லியிருக்கிறது. முகாந்திரம் இருக்கிறதா, குற்றம் எவ்வளவு கடுமையானது, ஆள் தலைமறைவாவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா, வெளியே போனால் மறுபடியும் அதே குற்றம் நடக்குமா. நிலத்தகராறுக் கொலைகளில் கடைசி இரண்டும்தான் கழுத்தைப் பிடிக்கும். சாட்சி பக்கத்து வீட்டில் இருக்கிறார், சண்டைக்குக் காரணமான நிலம் நடுவில் கிடக்கிறது. ‘தகராறு இன்னும் அடங்கவில்லை, ஏ1 சிறைக்குள் இருந்தபடியே நடத்துகிறார், ஜாமீனில் போன ஏ4 அதைச் செய்து முடிக்கிறார்’ என்று அரசு வக்கீல் சொன்னால் உங்கள் வக்கீலிடம் என்ன பதில் இருக்கிறது? சின்ன மாமியாரும் சும்மா இருக்கப்போவதில்லை. பாதிக்கப்பட்டவர் தரப்புக்கு எந்தக் கட்டத்திலும் தன் வாதத்தைச் சொல்லும் உரிமை உண்டு என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் இடையீட்டு மனு போட்டு, கொடி உருவிப்போட்ட வெறும் பாத்தியைப் படமெடுத்து இணைத்தால் போதும். அதற்குமேல் அவர் வாதாட வேண்டியதே இல்லை.

‘ஏ4-க்குக் கிடைத்தது’ என்ற வாதமும் இத்தோடு சரிந்துவிட்டது. முதலிலேயே அது பலமில்லாத வாதம். மாமியார் பெண். ஜாமீனில் அதைக் கணக்கில் எடுக்க பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 480-வது பிரிவே இடம் தருகிறது. அவர் மேல் வெட்டியதாகவோ பிடித்ததாகவோ குற்றச்சாட்டு இருப்பதாக நீங்களும் எழுதவில்லை. உங்கள் கணவர் மேல் இருப்பது கையைப் பிடித்துக்கொண்டார் என்பது. ஒருவர் பிடிக்க இன்னொருவர் வெட்டினால், பிடித்தவரும் பொது நோக்கத்தில் கொலைக்குப் பொறுப்பு (புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். பிரிவுகள் 103, 3(5)). குஜராத் கட்ச் பகுதியில் ஐந்து பேர் கொல்லப்பட்ட வழக்கில், இன்னொருவருக்குக் கொடுத்தாயிற்று என்பதற்காகக் கொடுத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது. அவரவர் பங்கு என்ன என்று பார்த்துத்தான் சமநிலை பேசவேண்டும் என்றது. இப்போது நீங்கள் யாரைக் காட்டிச் சமநிலை கேட்கிறீர்களோ, அவரே கடலைக் காட்டில் நின்றிருக்கிறார். அவருடைய ஜாமீனை ரத்து செய்யக் கோரி பி.என்.எஸ்.எஸ். 483(3)-ல் மனு போட்டால், இருவர் கதையும் ஒன்றாக முடியும்.

கடலை நூறு நாள் தாண்டினால் பிடுங்கித்தான் ஆகவேண்டும், விட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும் என்பது எனக்கும் தெரியும். அதற்கும் வழி இருந்தது. நிலத்தகராறில் அமைதி கெடும் நிலை இருந்தால் கோட்டாட்சியர் அதே பி.என்.எஸ்.எஸ். 164-வது பிரிவில் விசாரிக்கலாம். கெட்டுப்போகும் விளைச்சலைப் பாதுகாக்கவோ விற்கவோ உத்தரவிடும் அதிகாரமும் அவருக்கு உண்டு. நிலத்தையே 165-ல் ஜப்தி செய்து பொறுப்பாளரை வைக்கலாம். இனியாவது அந்த இடத்தில் உங்கள் வீட்டு ஏர் இறங்கக்கூடாது, மோட்டாரும் ஓடக்கூடாது.

பிடுங்கியதற்குக் கணக்கு எழுதுங்கள். எத்தனை மூட்டை, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, எந்த மண்டி, என்ன விலை, ஆள் கூலி எவ்வளவு. விற்ற பில்லை வாங்குங்கள். இன்னும் விற்கவில்லை என்றால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எடைபோட்டு விற்று ரசீது வாங்குங்கள். தொகையை வக்கீல் நோட்டீஸோடு சின்ன மாமியார் பெயருக்கு டி.டி.யாக அனுப்புங்கள். நோட்டீஸில் ‘நிலத்தின் மீதான உரிமை வாதங்களைப் பாதிக்காமல்’ என்ற வரி இருக்கட்டும். அதைத் தவிர ஒரு நிபந்தனையும் வேண்டாம். ‘பணம் தருகிறோம், ஜாமீனுக்கு மறுப்புச் சொல்லாதீர்கள்’ என்று ஒரு வார்த்தை சேர்ந்தாலும் அது சாட்சியை விலைக்கு வாங்குவதாகிவிடும். கொலை வழக்கைச் சமரசத்தில் முடிக்கவும் சட்டத்தில் இடமில்லை. ஊர்ப் பெரியவர்களை அனுப்பாதீர்கள், நீங்களும் போகாதீர்கள். வாங்க மறுத்தால் வங்கியில் தனியாகப் போட்டுவையுங்கள். கோர்ட் சொல்லும் இடத்தில் கட்டத் தயார் என்று மனுவில் எழுதிக்கொள்ளலாம். செலவுக்கு வழியில்லை என்றீர்கள். அதற்காக இந்தப் பணத்தைத் தொடவேண்டாம்.

அடுத்து, 90 நாள் கணக்கு. கொலை வழக்கில் ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், வழக்கின் தகுதியைப் பார்க்காமல் ஜாமீன் கொடுத்தே ஆகவேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 187(3)). ஆனால் தானாகக் கிடைக்காது. குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பு, ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு விழுந்திருக்கவேண்டும். வக்கீல் ‘நாளைக்குப் போடலாம்’ என்ற அன்று சாயங்காலம் குற்றப்பத்திரிகை விழுந்தால் அந்த உரிமை போய்விடும். காலண்டரில் 90-ஐக் குறித்து, மனுவை முன்கூட்டியே தயாராக வைக்கச் சொல்லுங்கள். 91-ம் நாள் காலை முதல் வேலை அதுதான்.

அதற்கு முன்பே மதுரைக்குப் போவதானால், அதே தாள்களைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதல் தகவல் அறிக்கை, சாட்சிகள் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலங்கள் (பிரிவு 180), பிரேதப் பரிசோதனைச் சான்று, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், ரிமாண்ட் அறிக்கை, தள்ளுபடி உத்தரவு ஆகியவற்றில் இப்போது கிடைப்பவை எல்லாம் வேண்டும். தேடவேண்டியது ஒன்றே: ‘கையைப் பிடித்தார்’ என்ற வாசகம் எங்கே முதலில் வருகிறது? சின்ன மாமியார் கொடுத்த புகாரில் ‘உடன் இருந்தார்’ என்று மட்டும் இருந்து, பிடித்த கதை பல நாள் கழித்து வாங்கிய வாக்குமூலத்தில் முளைத்திருந்தால் உங்களுக்குக் கேட்கத்தக்க வாதம் இருக்கிறது. புகாரிலேயே இருந்தால், குற்றப்பத்திரிகை வரும்வரை பொறுப்பது நல்லது. விசாரணை முடிந்துவிட்டது என்பது புதிய சூழ்நிலையாக நிற்கும். முன்பு தள்ளுபடியான மனுவை எந்த மனுவிலும் மறைக்கக்கூடாது. மறைத்தது தெரிந்தால் கிடைத்த ஜாமீனும் நிலைக்காது.

நிபந்தனைகளை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். உங்கள் பிறந்த வீடு வெளி மாவட்டத்தில் இருந்தால் அங்கே தங்குவார், அந்த ஊர் ஸ்டேஷனில் தினம் காலை 10.30-க்குக் கையெழுத்துப் போடுவார், நேரில் பார்த்த சாட்சிகளின் விசாரணை முடியும்வரை ஊர் எல்லைக்குள் வரமாட்டார் என்று. சொன்னால் நடக்கவேண்டும். கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள்தானே என்று வந்து, யாராவது எடுத்த படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறினால் அது நேராக ரத்து மனுவில் வந்து நிற்கும். இரண்டு ஜாமீன்தாரர்களை இப்போதே பார்த்துவையுங்கள். ஒருவர் ரத்த உறவாக இருக்கச் சொல்வது வழக்கம். பங்காளிகளில் பாதிப் பேர் அரசுத் தரப்புச் சாட்சியாக இருப்பார்கள், அவர்களைக் கேட்டுவிடாதீர்கள்.

வக்கீல் விஷயம். மூவருக்கும் ஒரே மனு போட்டதே தப்பு. உங்கள் கணவரின் பங்கு மற்ற இருவருடையதைவிடச் சிறியது என்று சொல்லவேண்டியவர், அந்த இருவருக்கும் வக்கீலாக இருந்துகொண்டு எப்படிச் சொல்வார்? அப்பா பேச்சை மீறி இவர் தனி வக்கீல் வைப்பதா என்று வீட்டில் கேட்பார்கள். சிறைக்குள் இருந்துகொண்டு இறந்தவன் வீட்டுக் கடலையைப் பிடுங்கச் சொல்கிற அப்பாவுக்குக் கட்டுப்படுவது மகன் கடமை என்று நான் நினைக்கவில்லை. இரண்டு குழந்தைகளுக்கு அப்பா என்ற கடமை அதற்கு முன்னால் நிற்கிறது. இலவச சட்ட உதவி வேண்டுமானால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் உண்டு. புதிய வக்காலத்தில் அவர் சிறையில் கையெழுத்துப் போட, சிறை அதிகாரி சான்றொப்பம் தரவேண்டும். பழைய வக்கீலிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கவேண்டும். மாமியார் கூட வராத ஒரு நாளாகப் பார்த்து மனு போட்டுப் போய், தனியாக இதைப் பேசுங்கள்.