வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளி: பாலக்காடு எல்லையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கஞ்சிக்கோட்டிலிருந்து: சார், வெள்ளைக் கார், மூணு வருசம்தான் ஆச்சு. பானெட்லயும் டிக்கி மேலயும் கடுகு மாதிரி ஆரஞ்சுப் புள்ளி. வாட்டர் சர்வீஸ்ல ரெண்டு தடவை ஷாம்பு போட்டும் போகல. பாடி துருப்பிடிக்குதா?

பாடித் துரு இல்லை, பயப்படாதீங்க. பாடி துருப்பிடித்தால் பெயிண்ட் உள்ளிருந்து கொப்புளமாக எழும்பும். அதுவும் பெரும்பாலும் கதவின் அடி ஓரம், வீல் ஆர்ச் பக்கம்தான் தொடங்கும். உங்களுடையது மேல் பார்த்த பரப்புகளில் மட்டும் தூவிவிட்ட மாதிரி இருக்கிறது. அது வெளியிலிருந்து வந்து விழுந்த இரும்புத் தூள். உங்கள் பக்கம் இரும்பு உருக்கும் ஆலைகள் இருக்கின்றன, ரயில் பாதையும் ஓடுகிறது. போதாததற்கு எல்லா வண்டிகளின் பிரேக் தூளும் சேர்கிறது. சூடாக வந்து விழும் துகள் கிளியர் கோட்டில், அதாவது பெயிண்ட்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சில், லேசாகப் பதிந்துகொள்ளும். ஈரம் பட்டதும் துருவாகி ஊதும், ஊதியதும் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஷாம்புக்கு அது அசையாது. கறுப்பு, நீல வண்டிகளிலும் இதே அளவு இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. கழுவிய பெயிண்ட்டின் மேல் மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். உப்புத்தாள் மாதிரி நறநறவென்றால் துகள் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: ஏனுங்க, மழைக்காலத்துல இல்லாதது தை மாசத்துல மட்டும் எப்படிங்க வருது?

மழைக்காலத்திலும் விழுகிறது, ஆனால் மழை அவ்வப்போது கழுவிவிடுகிறது. கார்த்திகை தொடங்கி மாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்கும், மழை அதிகம் இருக்காது. விழுந்த தூள் அப்படியே கிடக்கும். ராத்திரிப் பனி அதை நனைக்கும், பகல் வெயில் காயவைக்கும். தினமும் இப்படி நடந்தால் துருவுக்கு வேறென்ன வேண்டும்? அதனால் மாசிக் கடைசியில் ஒரு தடவை, தென்மேற்கு மழை ஓய்ந்ததும் ஒரு தடவை எடுத்தால் போதும். இரும்பைக் கரைக்கும் மருந்தான அயர்ன் ரிமூவரை மாதாமாதம் அடிப்பது வீண் செலவு.

சித்தூரிலிருந்து: அண்ணா, அயர்ன் ரிமூவர் வாங்கி வச்சிருக்கேன். எப்படி அடிக்கணும்னு ஒண்ணு விடாம சொல்லுங்க.

முதலில் நேரம். காலை 8 மணிக்கு முன்னால், இல்லையென்றால் சாயங்காலம், நிழலில். புறங்கையை பானெட்டில் வைத்தால் சூடே தெரியக்கூடாது. முக்கால்வாசி சொதப்பல் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

நன்றாக ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். செம்மண் ஒட்டியிருக்கும்போது அடித்தால் மருந்து மண்ணிலேயே செலவாகிவிடும். தார்ப் புள்ளி இருந்தால் அதைத் தார் ரிமூவரால் முதலில் எடுங்கள், ஏனென்றால் தாருக்கு அடியில் இருக்கும் இரும்பை மருந்து எட்டாது. பிறகு தண்ணீர் வடியட்டும். சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் மருந்து நீர்த்துப்போகும், லேசான ஈரம் பரவாயில்லை.

ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, ஒரு நேரத்தில் காரில் பாதியை மட்டும் அடியுங்கள். சின்ன காருக்கு பாடி முழுக்க 150 முதல் 250 மில்லி ஆகும். 3 நிமிடம் விடுங்கள், அதிகம் போனால் 5, அதற்கு மேல் விடலாம் என்று லேபிளில் இருந்தால் மட்டும் விடுங்கள். ஊதா கலந்த சிவப்பாக வழியும். காய ஆரம்பிக்கிற மாதிரி தெரிந்தால் நேரம் பார்க்காமல் உடனே தண்ணீர் விடுங்கள். மேலிருந்து கீழாக அலசுங்கள். கைப்பிடிக் குழி, கண்ணாடி அடி, எம்பளம் இடுக்கு இங்கெல்லாம் மருந்து தங்கி, அப்புறம் ஊதாக் கோடாக ஒழுகும், அங்கே கூடுதலாக அடித்து அலசுங்கள். கடைசியாக இன்னொரு ஷாம்பு.

தவறிக் காய்ந்துவிட்டால் துணியால் தேய்க்காதீர்கள். அதே மருந்தை அதன்மேலேயே மறுபடி அடித்து, அரை நிமிடத்தில் கழுவிவிடுங்கள்.

சித்தூரிலிருந்தே இன்னொண்ணு: நாத்தம் குடலைப் பிடுங்குது. கெட்டுப்போன சரக்கா?

நாற்றம்தான் சரக்கு. அதில் இருப்பது தயோகிளைகோலேட் உப்பு. முடி நீக்கும் கிரீமும் இதே குடும்பம், மூக்குக்கு ஞாபகம் வந்திருக்கும். இரும்போடு சேரும்போதுதான் அந்த ஊதா நிறம். வாசனை சேர்த்ததை வாங்கினால் ரோஜாவும் அழுகிய முட்டையும் கலந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலந்தாவளத்திலிருந்து: கதவுல கலரே மாறல. டூப்ளிகேட்டா?

கதவு நிமிர்ந்து நிற்கிற பரப்பு, தூள் அங்கே குறைவாகத்தான் விழும். முன் வீலில் கொஞ்சம் அடித்துப் பாருங்கள். அங்கேயும் மாறவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். தடிமனான வேக்ஸ் இருந்தாலும் கலர் குறையும். ஒன்று சொல்கிறேன், கலரை நம்பி வேலையை அளக்காதீர்கள். கலர் நின்ற பிறகும் துகள் இருக்கலாம். பாலிதீன் பைதான் நீதிபதி.

கோபாலபுரத்திலிருந்து: பாத்ரூம் ஆசிட்டைத் தண்ணியில கலந்து விட்டா துரு போயிரும்ங்கறாங்க. அம்மா புளி போடச் சொல்றாங்க.

ஆசிட் வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக். துருவை எடுக்கும், கூடவே குரோமையும் அலாய் வீலையும் அரிக்கும், இடுக்கில் தங்கினால் புதுத் துருவைத் தொடங்கிவைக்கும். அம்மா சொன்னதில் வேதியியல் சரி, புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. ஆனால் பித்தளைக் குடம் கீறலைத் தாங்கும், கிளியர் கோட் தாங்காது. அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சக்கையும் நாரும் சேர்த்துத் தேய்த்தால் வட்ட வட்டமாகக் கீறல் விழும்.

பொள்ளாச்சியிலிருந்து: நேரா கிளே பார் தேய்ச்சா ஆகாதா? மருந்துச் செலவு மிச்சம்தானே?

கிளே பார் என்பது பெயிண்ட்டில் ஒட்டிய துகளைப் பிடித்தெடுக்கும் களிமண் மாதிரியான துண்டு. அதை நேராகத் தேய்த்தாலும் ஆகும், ஆனால் பதிந்திருக்கும் இரும்பைப் பிடுங்கி பெயிண்ட் மேலேயே இழுத்துக்கொண்டு போவீர்கள். முதலில் கரைக்கணும், மிச்சத்தை மட்டும் கிளே எடுக்கணும். 50 கிராம் துண்டை உள்ளங்கை அளவுக்குத் தட்டிக்கொள்ளுங்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கார் ஷாம்பு கலந்து தாராளமாகத் தெளித்து, இரண்டடிக்கு இரண்டடி இடமாக, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும். சுற்றிச் சுற்றித் தேய்க்கக்கூடாது. இழுவை நின்று வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. துண்டை அடிக்கடி மடித்துப் புது முகம் எடுங்கள். தரையில் விழுந்தால் எவ்வளவு விலை என்று யோசிக்காமல் எறிந்துவிடுங்கள், ஒரே ஒரு மணல் போதும். கறுப்பு வண்டியில் கிளேவுக்குப் பிறகு லேசான மங்கல் தெரியும், மெல்லிய பாலிஷ் தேவைப்படும். பளபளப்பில்லாத மேட் பெயிண்டில் கிளேவே கூடாது. முடிந்ததும் வேக்ஸ் போடாமல் விட்டால் அடுத்த மாதமே பழைய கதை.

மீனாட்சிபுரத்திலிருந்து: வால்பாறை போய் வந்தா முன் வீல் மட்டும் பழுப்பாகுது.

நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது பாரம் முன் பிரேக்கில்தான். வார்ப்பிரும்பு டிஸ்க் தேய்ந்த தூள் அது. வந்ததும் வீல் சூடாக இருக்கும்போது மருந்தோ தண்ணீரோ அடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் ஆறட்டும். வீலுக்கு 20 முதல் 30 மில்லி அடித்து, மென்மையான பிரஷ்ஷால் கிளறி, டிஸ்க்கில் மருந்து தங்காமல் நிறையத் தண்ணீர் விடுங்கள். பிறகு வண்டியை மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக் பிடித்துக் காயவையுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் வந்தால் இந்தத் தூளே பாதி இருக்காது. அது வீலைவிட உங்கள் உயிருக்கு நல்லது.

வாளையாரிலிருந்து: பக்கத்து வீட்டுல கேட் வேலை. கட்டிங் மெஷின் பொறி பூரா என் கார் மேல. நேத்துதான்.

துணியால் துடைத்துவிடாதீர்கள், அதுதான் பெரிய தப்பு. அழுத்தமான தண்ணீரில் அலசி, இன்றைக்கே அயர்ன் ரிமூவர் இரண்டு சுற்று. புதுத் துகள் இன்னும் துருவாகவில்லை என்பதால் முதல் தடவை கலர் மெதுவாக வரும். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், விட்டுப்போனவை ஆரஞ்சாக எழுந்திருக்கும். முன் கண்ணாடியில் உருகி உட்கார்ந்த பொறியின் துரு போகும், குழி போகாது.

பாலக்காட்டிலிருந்து: கனடாவில் இருக்கும் மகன், பனியை உருக்க ரோட்டில் போடும் உப்புதான் இந்தப் புள்ளிக்குக் காரணம் என்கிறான்.

உப்பில் இரும்பு இல்லை. ஆனால் விழுந்த இரும்பை உப்புத் தண்ணீர் வேகமாகத் துருப்பிடிக்க வைக்கும், அதனால் பனிக்காலம் முடிந்ததும் அங்கே புள்ளி அதிகம் தெரியும். அடிப்பாகத்து உப்பைத் தண்ணீரால் முதலில் கழுவச் சொல்லுங்கள். சேஸிஸ் துருவுக்கு அயர்ன் ரிமூவர் மருந்தல்ல.

நெம்மாறையிலிருந்து: வெள்ளை வெள்ளையா வட்டம். மருந்து அடிச்சும் போகல.

அது போர் தண்ணீர்க் கறை, சுண்ணாம்பு. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, ஒரு நிமிடம் ஈரத்துணி போட்டு எடுத்து, கழுவிவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, கொல்லங்கோட்டிலிருந்து: கிணத்தடியில கழுவலாமுங்களா?

கூடாது. அந்த ஊதாத் தண்ணீர் குடிக்கிற கிணற்றுக்கோ மீன் இருக்கிற குளத்துக்கோ போகக்கூடாது. வாட்டர் சர்வீஸ் கடையில் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, மருந்தை நீங்களே கொண்டுபோய் அங்கே அடித்துக்கொள்ளுங்கள்.