பழைய காருக்குப் புது மீட்டர்: கேள்வி-பதில்

பழைய கார்களின் ஸ்பீடோமீட்டரை எலக்ட்ரிக்காக மாற்றுவது பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டுமே இடம்.

கே: அப்பாவின் 1978 அம்பாசிடர். மீட்டர் முள் 40-க்கும் 60-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிறது. எலக்ட்ரிக் மீட்டர் போடச் சொல்கிறார் மெக்கானிக். எதை வாங்கலாம் அண்ணா? (வாசகர், பாலக்கோடு)

ப: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் தம்பி. முள் ஆடினால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் வர வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் உள்ளே காய்ந்திருக்கும், அல்லது டேஷ்போர்டுக்குப் பின்னால் மடங்கியிருக்கும். உள்கம்பியை உருவிப் பாருங்கள். இழை பிரிந்திருந்தால் கேபிளை மாற்றுங்கள். நன்றாக இருந்தால் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவி மாட்டுங்கள். மீட்டருக்குள் நுழையும் மேல்முனையில் மட்டும் தடவ வேண்டாம், கிரீஸ் மீட்டருக்குள் ஏறிவிடும்.

கிலோமீட்டர் எண்கள் ஓடி, முள் மட்டும் நின்றுபோனால் கோளாறு மீட்டருக்குள் இருக்கிறது. இரண்டும் நின்றால் கேபிள் அறுந்திருக்கும், இல்லையென்றால் கியர்பாக்ஸில் அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். பல்சக்கரம் போன வண்டியில் அதே இடத்தில், சுழற்சியை மின்துடிப்பாக மீட்டருக்கு அனுப்பும் சென்சாரைத் திருகினால் புது மீட்டரும் ஓடாது. மெக்கானிக் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா என்று கேளுங்கள்.

கே: ஃபியட் 1100 டி வைத்திருக்கிறேன். ஜி.பி.எஸ். மீட்டரா, சென்சார் மீட்டரா? (வாசகர், ஓசூர்)

ப: ஜி.பி.எஸ். மீட்டரை மாட்டுவது சுலபம். கரண்ட், எர்த், ஆன்டெனா, அவ்வளவுதான். கியர்பாக்ஸைத் தொட வேண்டியதில்லை, டயர் அளவு மாறினாலும் கணக்கு மாறாது. ஆனால் அதற்கு வானம் தெரிய வேண்டும். வண்டியை எடுத்தவுடன் செயற்கைக்கோளைப் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிரேக் போடும்போது முள் சற்றுப் பின்தங்கியே இறங்கும்.

சென்சார் மீட்டருக்கு கேபிள் இருந்த இடத்தில் ஒரு சென்சார் வரும். அல்லது கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் காந்தம் ஒட்டி, பக்கத்தில் சென்சாரைப் பிடிப்பார்கள். காந்தம் ஒட்டுவதென்றால் எதிரெதிராக இரண்டு ஒட்டச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் எடை கூடினால் ஷாஃப்ட் அதிரும். மாட்டியதும் ஒருமுறை அளவு சரிசெய்ய வேண்டும், டயர் அளவை மாற்றினால் மறுபடியும்.

தொப்பூர் கணவாய் வழியாக அடிக்கடி இறங்குகிறவர் என்றால் சென்சார்தான் என் சிபாரிசு. அங்கே வேகம் உடனுக்குடன் தெரிய வேண்டும்.

நான் ஒரு கண்காட்சியில் வாங்கிய ஜி.பி.எஸ். மீட்டரில் ஆன்டெனா உள்ளேயே இருந்தது. இரும்பு டேஷ்போர்டுக்குள் மாட்டியதும் பாதி வழி 0-வையே காட்டியது. விற்றவர் இதைச் சொல்லவில்லை, பெட்டியிலும் எழுதவில்லை. கொடுத்த பணம் போனதுதான். ஆன்டெனா தனி ஒயரில் வருகிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். இன்னொன்று, உங்கள் காரின் மீட்டர் நீள்சதுரம், கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வட்டம். டேஷ்போர்டுக்குக் கீழே தனித் தகடு வைத்துத்தான் மாட்ட வேண்டியிருக்கும்.

கே: சென்சார் மீட்டர் மாட்டினேன். வண்டி நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் 30 காட்டுகிறது. 'போகப் போகச் சரியாகும்' என்கிறது ஒர்க்‌ஷாப். (வாசகர், தர்மபுரி)

ப: சரியாகாது. சென்சார் ஒயரை இக்னிஷன் காயிலோடும் பிளக் ஒயரோடும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். தீப்பொறியின் துடிப்பை மீட்டர் சக்கரத்தின் துடிப்பென்று எண்ணுகிறது. ஒயரைத் தனியே பிரித்து, வலைபோர்த்திய ஒயராக மாற்றி, அந்த வலையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யச் சொல்லுங்கள். மீட்டரின் எர்த்தை பெயின்ட் சுரண்டிய இரும்பில் கொடுக்க வேண்டும். அப்புறமும் வந்தால் பிளக் ஒயரைக் கார்பன் வகைக்கு மாற்றலாம். ஒயர் பிரிக்கும் வேலைக்குத் தனியாகக் கூலி கேட்டால் கொடுக்காதீர்கள், அவர்கள் முடிக்காமல் விட்ட வேலை அது.

கே: எங்கள் பழைய வில்லிஸ் ஜீப் 6 வோல்ட். 12 வோல்ட் மீட்டர் போடலாமா? (வாசகர், பென்னாகரம்)

ப: வேண்டாம், ஓடாது.

கே: ஆன்லைனில் 85 மி.மீ. மீட்டர் வாங்கிவிட்டேன். டேஷ்போர்டு ஓட்டை அதைவிடச் சின்னது. அறுத்துப் பெரிதாக்கலாமா? (வாசகர், காரிமங்கலம்)

ப: கூடாது. 85 என்று தெரிந்துதானே வாங்கினீர்கள்? ஓட்டையில் ஸ்கேலை வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்களிடமிருந்து மாதந்தோறும் இதே கடிதம் வருகிறது. தகட்டை அறுத்தால் திரும்ப ஒட்ட முடியாது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்புங்கள். அடுத்ததை வாங்கும் முன் ஓட்டையின் அகலம், பின்னால் இருக்கும் ஆழம் இரண்டையும் அளந்து எழுதி வையுங்கள்.

கே: மகனின் காருக்கு 6,500 ரூபாய்க்கு மீட்டர் வாங்கினோம். இரண்டே வாரத்தில் நின்றுவிட்டது. 'எலக்ட்ரிக் சாமான் திரும்ப எடுப்பதில்லை' என்று சுவரில் இருக்கும் போர்டைக் காட்டி அனுப்பிவிட்டார் கடைக்காரர். பில்லும் தரவில்லை. (வாசகி, கிருஷ்ணகிரி)

ப: அம்மா, தவறு உங்கள் பக்கம் துளியும் இல்லை. இந்த போர்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். உதிரிபாகக் கடைக்குக் கடை தொங்குகிறது, ஏதோ சட்டமே அதுதான் என்பதைப்போல. சட்டம் நேர்மாறானது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். பில் தராமல் இருப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். உங்கள் கடைக்காரர் இரண்டையும் செய்திருக்கிறார். சுவரில் எதை எழுதி மாட்டினாலும் அது இந்தச் சட்டத்துக்கு மேல் போகாது.

தவறான ஒயரிங்கால் கெட்டது என்று அவர் சொல்லலாம். சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மாட்டிய மெக்கானிக்கிடமும் ஃபியூஸ் போட்டாரா, எந்த ஒயர் எங்கே கொடுத்தார் என்று எழுதி வாங்குங்கள்.

போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப், மீட்டரின் பெட்டி, எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 30 நாளுக்குள் ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷம் வரை நேரமும் இருக்கிறது. 6,500 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். மனு போட்டதும் என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

கே: பழைய மீட்டரைக் கொடுத்தால் புதியதில் 500 ரூபாய் குறைக்கிறேன் என்கிறார் கடைக்காரர். (வாசகர், ஊத்தங்கரை)

ப: கொடுக்காதீர்கள். 500-க்குக் கேட்கிறவருக்கு அதன் மதிப்பு தெரியும். கழற்றும் முன் ஓடிய கிலோமீட்டரைப் படம் எடுத்து, மீட்டரைத் துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள்.

கே: மாட்டிய மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், அரூர்)

ப: காலை நேரத்தில், நெரிசல் இல்லாத நேர்ச்சாலையில், 60-ஐ விட்டு நகராமல் ஓட்டுங்கள். ஐந்து கிலோமீட்டர் கல்லைக் கடக்க ஐந்து நிமிஷம் ஆக வேண்டும். ஒரு கல்லை மட்டும் நம்பாதீர்கள், சாலை வேலையில் இடம் மாறியிருக்கலாம். 4 நிமிஷம் 40 விநாடியில் கடந்துவிட்டால் உண்மையில் 64-ல் போகிறீர்கள், மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. அதைத்தான் உடனே சரிசெய்ய வேண்டும். கல் பார்ப்பதும் கடிகாரம் பிடிப்பதும் பக்கத்து சீட்டுக்காரர் வேலை.