முத்திரையை முதலில் படியுங்கள்: பழைய ராணுவ ரைஃபிள் கேள்வி–பதில்

இம்முறை வந்த கேள்விகளில் ஒரே கவலை திரும்பத் திரும்பத் தெரிகிறது: “எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஏமாந்துவிட்டேனா?” பெரும்பாலும் இல்லை. ராணுவ ரைஃபிள் என்பது பல முறை பணிமனைக்குப் போய்த் திரும்பிய பொருள். போன ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பாகம் மாறியிருக்கும், ஒரு முத்திரை கூடியிருக்கும். எது முன், எது பின் என்று அடுக்கத் தெரிந்துவிட்டால் பாதி வரலாறு கைக்கு வந்துவிடும். உரிமமும் ஆவணங்களும் சரியாக இருக்கின்றன, அறையில் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டு உறுதி செய்தாகிவிட்டது என்ற அடிப்படையில்தான் கீழே உள்ள பதில்கள் எல்லாம்.

கேள்வி: என் லீ-என்ஃபீல்டின் பட் சாக்கெட்டில் கிரீடம், ‘ஜி.ஆர்.ஐ.’, ‘இஷாப்பூர்’, 1942 என்று இருக்கிறது. குழலில் மட்டும் ’50 என்று உள்ளது. எது உண்மையான வருடம்?

இரண்டும் உண்மை. ‘இஷாப்பூர்’ என்பது வங்காளத்தில் உள்ள துப்பாக்கித் தொழிற்சாலை. பின்கட்டை வந்து சேரும் இரும்புக் கூடான பட் சாக்கெட்டில் இருப்பது ரிசீவர் (போல்ட் ஓடும் நடுப்பகுதி) செய்த வருடம். குழலில் இருப்பது அந்தக் குழல் செய்த வருடம். குழலுக்குள் வெட்டிய சுழல் வரிகள் தேய்ந்துபோனதும் தொழிற்சாலைக்கு அனுப்பிப் புதுக் குழல் போட்டிருக்கிறார்கள். ‘எஃப்.டி.ஆர்.’ என்ற எழுத்தும் அருகில் ஒரு வருடமும் எங்காவது தெரிந்தால், முழுப் பழுதுபார்ப்பு நடந்திருக்கிறது என்று பொருள். ‘ஜி.ஆர்.ஐ.’யில் உள்ள ‘ஐ’ பேரரசரைக் குறிப்பது. இந்தியா குடியரசான பிறகு வந்த இஷாப்பூர் ரைஃபிள்களில் கிரீடத்தின் இடத்தில் அசோகச் சிங்கங்கள் இருக்கும்.

வரிசை எண்ணை ரிசீவர், குழல், போல்ட் கைப்பிடியின் பின்பக்கம், மூக்குமூடி (கட்டையின் முன்முனையில் உள்ள இரும்பு உறை), பின் குறிகாட்டித் தகட்டின் அடிப்பக்கம், முன்கட்டையின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் தேடுங்கள். பழைய எண்ணின் மேல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் புது எண் குத்தியிருந்தால் அது ஆயுதப் பணிமனையின் முறையான வேலை. பழைய எண்ணை அரம் போட்டு வழித்துவிட்டு அதே இடத்தில் புதிது குத்தியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மேகசினுக்கு முன்னால் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு போகிறதா என்றும் பாருங்கள். ‘இஷாப்பூர் திருகு’ என்று சேகரிப்பாளர்கள் சொல்வது அதைத்தான். கட்டை பிளக்காமல் இருக்கப் போட்டது, பின்னாளில் யாரோ செய்த ஒட்டுவேலை அல்ல.

எண் தேடும் ஆர்வத்தில் கட்டையை உடைத்துவிடாதீர்கள். இந்த மாதிரியில் முன்கட்டையைக் கழற்றிய பிறகுதான் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளத் திருகாணியை (போல்ட்) திருக வேண்டும். அந்த போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு தகட்டில் மாட்டியிருக்கிறது. முன்கட்டை இருக்கும்போதே திருகினால் முனை சுழன்று கட்டையைப் பின்பக்கமாகப் பிளந்துவிடும். பின் ஹேண்ட்கார்டை (குழலின் மேல் உள்ள மர மூடியை) கழற்றும்போதும் இதே கவனம் வேண்டும். குறிகாட்டித் தகட்டை நிமிர்த்திவிட்டு மெல்ல மேலே தூக்குங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் இரு ‘காதுகளில்’ ஒன்று கையோடு வந்துவிடும். காது முழுதாக இருக்கும் பழைய ஹேண்ட்கார்ட் கிடைப்பதே இப்போது அரிதாகிவிட்டது.

கேள்வி: எல்லா எண்ணும் பொருந்துகிறது, போல்ட் மட்டும் வேறு. பரவாயில்லையா?

அலமாரியில் வைப்பதற்குப் பரவாயில்லை. சுடுவதற்கு, பொருந்தாமல் போகக்கூடாத ஒரே பாகம் அதுதான். போல்ட்டின் பூட்டுக் காதுகள் அந்த ரிசீவரோடு உரசிப் பார்த்துப் பொருத்தப்பட்டவை. வேறு போல்ட்டில் ஒரே காது மட்டும் சுமை தாங்கலாம், ஹெட்ஸ்பேஸும் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) மாறிப்போயிருக்கலாம்.

லீ-என்ஃபீல்டின் .303 தோட்டா தன் அடிவிளிம்பில் நிற்பது. அதனால் அளவுமானியும் விளிம்புத் தடிப்பையே அளக்கும். 0.064 அங்குல மானிமேல் போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குல மானிமேல் மூடக்கூடாது. விரல் நுனியின் லேசான அழுத்தம் போதும். அழுத்தி மூடினால் நெம்புகோல் பலத்தில் எதுவும் மூடிவிடும், அளந்ததற்கே அர்த்தமில்லை. லீ-என்ஃபீல்டின் பிந்தைய நம்பர் 4 மாதிரியில் போல்ட் தலைகள் 0, 1, 2, 3 என்று எண்ணிட்டு வந்தன. எண் கூடக் கூட நீளமும் கூடும். பழைய நம்பர் 1 மாதிரியில் (முதல் கேள்வியின் இஷாப்பூர் ரைஃபிள் அதுதான்) அந்த எண் கிடையாது. சுட்ட தோட்டா உறையின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால், உறை அங்கே மெலிந்து அறுந்துபோகத் தயாராக இருக்கிறது. அந்த உறையை மறுபடி நிரப்பாதீர்கள். ரைஃபிளை அளந்து முடிக்கும்வரை அதில் சுடவும் வேண்டாம்.

கேள்வி: நம்பர் 4 ரைஃபிளின் குழலுக்குள் இரண்டே வரிகள்தான் இருக்கின்றன. தேய்ந்துவிட்டதா?

தேயவில்லை. போர்க்காலத்தில் வேகமாகச் செய்து தள்ள வேண்டியிருந்ததால் அமெரிக்காவின் சாவேஜும் கனடாவின் லாங் பிராஞ்சும் இரண்டு வரிக் குழல்களையும் செய்தன. ராணுவத் தேவைக்கு அவை போதுமானவையாகவே இருந்தன. உங்களுடையதில் ‘யு.எஸ். ப்ராபர்ட்டி’ என்று இருந்தால் அது சாவேஜ். அமெரிக்கப் படைக்காகச் செய்ததல்ல, கடன்–குத்தகைத் திட்டத்தில் பிரிட்டனுக்குப் போனது. திட்டத்தின் விதிப்படி சொத்து அமெரிக்காவுடையது என்பதால் அந்த முத்திரை.

கேள்வி: ‘வி.ஆர்.’ என்ற அரசி முத்திரையும் 1919 என்ற வருடமும் உள்ள என்ஃபீல்ட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அரிய பொருளா?

அது கைபர் கணவாய் வேலை. விக்டோரியா 1901 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். 1919இல் அரசாங்கத் தொழிற்சாலை எதுவும் அவர் முத்திரையைக் குத்தியிருக்காது. பெஷாவருக்குத் தெற்கே உள்ள தர்ரா ஆதம் கேல் போன்ற இடங்களில், ஒரு அசல் ரைஃபிளை எதிரே வைத்துக்கொண்டு கையாலேயே நகல் எடுத்தார்கள். எழுத்தும் அவர்களுக்கு ஒரு படம்தான். அதனால்தான் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நிற்கும், ‘என்ஃபீல்ட்’ என்ற சொல்லிலேயே ஒரு எழுத்து குறையும், கிரீடம் ஒரு பக்கம் சாயும்.

லென்ஸை எடுத்து எழுத்துகளின் அடியைப் பாருங்கள். தொழிற்சாலை முத்திரை ஒரே அடியில் விழுந்தது. ஆழம் சீராக இருக்கும், ஓரத்தில் உலோகம் லேசாகப் பிதுங்கியிருக்கும். நகலில் ஒவ்வொரு கோட்டையும் உளியால் தனித்தனியாக வெட்டியிருப்பார்கள். கோடு முடியும் இடத்தில் உளி வழுக்கிய சின்ன வால் தெரியும். திருகின் வெட்டு நடுவில் இருக்காது. அசல் திருகு அதன் மரைக்குள் ஏறாது.

கைவேலையாகப் பார்த்தால் வியக்க வேண்டிய பொருள், நகல் என்று தெரிந்தே வாங்கிச் சேர்க்கலாம். ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் சுடாதீர்கள். கையில் கிடைத்த எஃகைக் கொண்டு செய்தவை அவை, சூட்டுப் பதம் எப்படி என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: மசூதிச் சின்னம் உள்ள மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளை நகல் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. காபூலின் அரசுப் பணிமனையிலும் அவை செய்யப்பட்டன.

கேள்வி: ஜெர்மன் 98கே மவுசரில் ‘பி.ஒய்.எஃப். 43’ என்று இருக்கிறது. ரிசீவரில் ஒரு பெருக்கல் குறி, போல்ட்டில் மின்பேனாவால் கிறுக்கிய எண். குறியை நீக்கினால் மதிப்பு கூடுமா?

குறையும். ‘பி.ஒய்.எஃப்.’ என்பது ஓபர்ன்டார்ஃப் மவுசர் தொழிற்சாலையின் ரகசியக் குறி, 43 என்பது 1943. பெருக்கல் குறி சோவியத் படை கைப்பற்றியதன் அடையாளம். போருக்குப் பின் ஆயிரக்கணக்கில் பிரித்து, பாகங்களை ஒன்றாகக் கொட்டி, கறுப்பேற்றி, கட்டைக்கு ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசி, கையில் வந்ததைக் கோத்துச் சேமிப்புக்கு அனுப்பினார்கள். போல்ட்டில் எண் கிறுக்கப்பட்டது அப்போதுதான். அந்தக் குறியை வழித்தால் சோவியத் வரலாறு போய்விடும், ஜெர்மன் வரலாறு திரும்பி வந்துவிடாது. எல்லாப் பாகமும் ஒரே எண்ணாக, ஆனால் எழுத்துரு மட்டும் மாறி மாறி இருக்கும் 98கே வந்தால் அதற்குக் கூடுதல் விலை தராதீர்கள். பின்னாளில் குத்திச் சேர்த்த எண்கள் அவை.

கேள்வி: ரஷ்ய மோசின்-நாகான்டில் சதுரத்துக்குள் ‘எஸ்.ஏ.’ என்று இருக்கிறது. குழல் பின்லாந்துடையது. வேறு எங்கே பார்க்கலாம்?

‘எஸ்.ஏ.’ பின்லாந்து ராணுவத்தின் சொத்து முத்திரை. பின்லாந்து மோசின் ரிசீவர்களைச் செய்ததே இல்லை. ரஷ்யாவிலிருந்து வந்தவற்றையே எடுத்துத் தன் குழலையும் கட்டையையும் பொருத்தியது. அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது கட்டைக்குள் மறைந்திருக்கும் ரிசீவர் வாலின் அடிப்பக்கம். போல்ட்டை எடுத்து, முன்னும் பின்னும் உள்ள இரு திருகுகளையும் கழற்றி, மேகசினைக் கீழே இறக்கினால் ரிசீவர் மேலே வந்துவிடும். 1940களின் குழலுக்குப் பின்னால் 1890களின் வருடம் இருப்பது சாதாரணம். அமெரிக்கச் சட்டத்தில் 1898 வரை செய்தவை பழம்பொருள் என்பதால் அங்குள்ளவர்களுக்கு இந்த ஒரு வருடம் மிக முக்கியம். மற்றவர்கள் தங்கள் நாட்டு விதியைத் தனியே பாருங்கள், ஒரு நாட்டின் வரம்பு இன்னொரு நாட்டில் செல்லாது. குழலில் ‘டி’ என்று இருந்தால் பின்லாந்தின் டி-166 குண்டுக்கு ஏற்றபடி அறையைச் சரிசெய்திருக்கிறார்கள்.

கேள்வி: கட்டியாக கிரீஸ், அடியில் துரு. எப்படிச் சுத்தம் செய்வது?

முதல் வேலை புகைப்படம். எல்லா முத்திரைகளையும் சாய்வான வெளிச்சத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மங்கிப்போன வட்ட முத்திரை அந்தச் சாய்வு ஒளியில்தான் எழுந்து நிற்கும்.

சேமிப்பு கிரீஸ் மெழுகைப் போன்றது, சூட்டில் இளகும். உலோகத்தை மினரல் டர்பன்டைனும் பிரஷ்ஷும் கொண்டு துடையுங்கள். கட்டையைத் துணியில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டு வெயிலில் வையுங்கள். வியர்த்து வருவதைத் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும், சில நாள் பிடிக்கும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். அரை மில்லிமீட்டர் இழைத்தாலே கட்டையின் ஆய்வு முத்திரை காணாமல் போகும், கட்டையும் இரும்பின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். பள்ளங்களுக்கு ஈரத்துணி வைத்து அதன்மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை அழுத்துங்கள். நசுங்கிய நார் நீராவியில் உப்பி மேலே வரும். வெட்டுப்பட்ட நார் வராது.

துருவுக்கு எண்ணெயும் நாலு பூஜ்ய எண் ஸ்டீல் உல்லும் போதும். வினிகரும் துருநீக்கி அமிலங்களும் துருவோடு சேர்த்துப் பழைய கறுப்புப் பூச்சையும் உரித்துவிடும். பரவிய செந்துருவாக இருந்தால், பாகத்தை எண்ணெய்ப் பசை போகக் கழுவி, தாது உப்பில்லாத நீரில் அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். செந்துரு கருந்துருவாக மாறும், அதன்மேல் எழும் பொடியை மெல்லத் தேய்த்து எண்ணெய் போடலாம். கட்டைக்குப் பச்சை ஆளிவிதை எண்ணெய், பிரிட்டிஷ் படையினர் பூசியதும் அதுதான். மெல்லிய பூச்சு, கை வைத்துத் தேய்த்தல், ஒரு நாள் காத்தல், மறுபடியும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் மூடி வையுங்கள்.

பழைய ராணுவத் தோட்டா சுடுகிறவர்களுக்கு ஒன்று: அவற்றில் பலவற்றின் பிரைமர் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பகுதி) குழலில் உப்பை விட்டுச் செல்லும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் உப்பு கரையாது, எண்ணெய் மட்டும் போட்டால் அடியில் துரு வளரும். அன்றைக்கே சூடான தண்ணீரை ஊற்றி, நன்றாக உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய் போடுங்கள்.

கேள்வி: சுடவே கூடாத அசல் ரைஃபிள்கள் உண்டா?

உண்டு. ‘டி.பி.’ முத்திரை உள்ளவை அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியவை. பலவற்றின் அறையில் துளை போட்டிருப்பார்கள், அதை அடைத்துச் சரிசெய்ய நினைக்காதீர்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலையின் 1903 மாதிரியில் 8,00,000க்குக் கீழே, ராக் ஐலண்ட் தொழிற்சாலையில் 2,85,507க்குக் கீழே எண் இருந்தால் ரிசீவர் எஃகின் சூட்டுப் பதம் தவறியது, கண்ணாடிபோல உடைந்த சம்பவங்கள் உண்டு. கனடாவின் ராஸ் மார்க் 3 ரைஃபிளில் போல்ட்டைத் தப்பாகக் கோர்த்தாலும் உள்ளே போகும், பூட்டியதுபோலத் தோன்றும், பூட்டியிருக்காது.

கேள்வி: தாத்தா காலத்து வாய்வழி நிரப்பும் என்ஃபீல்ட். காலியா என்று எப்படித் தெரியும்?

நிரப்புக்கம்பியைக் குழலுக்குள் கடைசிவரை விட்டு, வாயின் மட்டத்தில் கம்பியில் ஒரு கோடு போடுங்கள். கம்பியை வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். முனை குழலின் அடிவரை, தீத்துளை இருக்கும் இடத்தை ஒட்டி எட்ட வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கலாம். நூறு வருடம் கடந்தும் கருமருந்து உயிரோடுதான் இருக்கும். நிப்பிளை (தீத்துளைக்கு நெருப்பு போகும் சிறு முனையை) சூடாக்காதீர்கள், உள்ளே துளை போடாதீர்கள். வாயை யாரும் இல்லாத பக்கம் திருப்பி வைத்துவிட்டு, இந்த வேலை தெரிந்த துப்பாக்கித் தச்சரை வரச் சொல்லுங்கள்.