சிவப்புக் காளானைப் பாலில் போட்டால் ஈ சாகுமா?

வெள்ளைப் புள்ளி வைத்த சிவப்புக் காளானைப் பாலில் நறுக்கிப் போட்டால் ஈ சாகுமா, திருநெல்வேலிப் பக்கம் அது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஈ விழும், பெரும்பாலும் சாகாது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த வேலைதான் இது. பாலுக்குள் விழுந்த ஈ மூழ்கிப்போகும். வெளியே விழுந்தது மயக்கம் தெளிந்து பறந்துவிடும். அதற்குள் கூட்டி அள்ளிவிட வேண்டும்.

1869இல் ஷ்மீடபெர்க், கோப்பே என்ற இருவர் இந்தக் காளானிலிருந்து மஸ்கரின் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். நெடுங்காலம் பழி முழுவதும் அதன்மேல் விழுந்தது. உண்மையில் இதில் மஸ்கரின் மிகமிகக் குறைவு. வேலையைச் செய்வது ஐபோடெனிக் அமிலம், மஸ்கிமால் என்ற வேறு இரண்டு நஞ்சுகள். ஏற்பி என்பது நரம்பு செய்தி வாங்கும் வாசல். முதலாவது, நரம்பை முடுக்கும் குளூட்டமேட் ஏற்பிகளைத் தூண்டிவிடும். காளான் காயும்போது அதில் ஒரு பகுதி மஸ்கிமாலாக மாறுகிறது. இது காபா ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். காபாதான் நரம்புக்கு பிரேக். ஏற்பி திறந்தால் குளோரைடு உள்ளே பாயும், நரம்பு அடங்கும். மஸ்கிமால் அந்த பிரேக்கை மிதித்தபடியே இருப்பதால் ஈ சொக்கி விழுகிறது.

அம்பாசமுத்திரத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் எனக்கு இதில் ஒரு தனி ருசி. நெல்லில் குருத்துப்பூச்சிக்கு நான் விற்கும் ஃபிப்ரோனில் குருணையும் இதே காபா ஏற்பியைத்தான் பிடிக்கிறது, ஆனால் நேர் எதிராக. குளோரைடு வழியை அடைத்துவிடுகிறது. பிரேக் பிடிக்காத நரம்பு ஓயாமல் துடிக்கிறது. இதே மருந்து கலந்த பசையைத் தின்ற கரப்பான் மல்லாந்து கிடந்து ஆறு காலையும் உதறுவதைப் பாருங்கள். “அண்ணாச்சி, இன்னும் சாகவில்லையே” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், அந்த உதறல்தான் மருந்து பிடித்ததற்கு அடையாளம் என்பது. மனிதனின் காபா ஏற்பியைவிடப் பூச்சியுடையதில் ஃபிப்ரோனில் பலமாக ஒட்டும். மஸ்கிமாலுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. தின்ற மனிதனுக்கும் மயக்கம், பிதற்றல், தள்ளாட்டம் எல்லாம் வரும்.

நம் பக்கம் கிடைக்காது. பைன் போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி வாழும் காளான் அது. நீலகிரி, கொடைக்கானல் பைன் தோப்புகளில் பார்க்கலாம். ஐப்பசி மழையில் இங்கே முளைப்பது புற்றுக்காளான். தொழுவத்து ஈக்காகக் கேட்கிறீர்கள் என்றால், சாணியை வாரம் இருமுறையாவது அள்ளிவிடுங்கள். வெயில் காலத்தில் முட்டை ஈயாக 7 முதல் 10 நாள் போதும்.