வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம்: மூவர் குழுவுக்கு எத்தனை வாட் ஸ்பீக்கர் வாங்கலாம்?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்திலும் சமூக மன்ற அறைகளிலும் எண்பது பேர் வரை அமர்ந்து கேட்கும் கச்சேரிகளுக்கு, நீங்களே தூக்கிச் செல்லக்கூடிய ஒலி அமைப்பு வேண்டும் என்றும், எத்தனை வாட் போதும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாட் கணக்கைச் சற்று ஒதுக்கி வையுங்கள். வாட் இருமடங்கானால் கூடுவது வெறும் 3 டெசிபெல் (ஒலியளவின் அலகு); காதுக்கு இருமடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவைப்படும். பெட்டியின் மேல் அச்சிடப்படும் எண்ணோ பெரும்பாலும் கணநேர உச்ச அளவுதான்.

உங்கள் சிக்கல் ஒலியின் அளவைவிட, மைக் வீறிடுவதிலும் (ஸ்பீக்கரின் ஒலியே மீண்டும் மைக்கில் புகுந்து கூச்சலிடுவது) சொல் தெளியாமல் போவதிலும்தான் இருக்கும். கீழ்த்தளத்தில் தரை, கூரை, தூண் எல்லாமே கான்கிரீட் என்பதால், சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரின் ஒலி கூரையில் மோதித் திரும்பி, சாகித்தியத்தின் எழுத்துகளை ஒன்றோடொன்று குழப்பிவிடுகிறது. சிறு ஸ்பீக்கர்களை வரிசையாக அடுக்கிய தூண் வடிவ அமைப்பு, ஒலியைப் பக்கவாட்டில் அகலமாகவும் மேலும் கீழும் குறுகலாகவும் பரப்புவதால், இத்தகைய இடங்களுக்கு அதையே நான் பரிந்துரைப்பேன்.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இருமடங்காகும்போதெல்லாம், வீறிடாமல் வைக்கக்கூடிய ஒலியளவு 3 டெசிபெல் குறைகிறது. மாறாக, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கும் மைக்கை அரைச் சாணுக்குக் கொண்டுவந்தால் 6 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கிறது. இது வாட்டை நான்கு மடங்காக்குவதற்குச் சமம். ஆகவே வயலினுக்குக் கவ்வி மைக்கும், மிருதங்கத்துக்கு ஒரே ஒரு மைக்கும் போதும். சிறிய அறையில் மிருதங்கத்துக்கு மைக்கே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இதை முடிவு செய்த பின்னரே இணைப்புகளை எண்ணுங்கள். குரல், வயலின், மிருதங்கம், கைப்பேசியில் ஒலிக்கும் தம்புரா என்று நான்கு இணைப்பு வாய்கள் தேவை. குரலுக்கு ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் மின்சாரம் கேட்காது. கவ்வி மைக்குகளில் பல 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரம் (மைக் வடத்தின் வழியாகவே மைக்குக்கு வரும் மின்சாரம்) கேட்கும். பேட்டரியில் இயங்கும் சிறிய ஸ்பீக்கர்களில் சில இதைத் தருவதில்லை. அப்படியானால் பல மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் தனி மிக்சர் ஒன்றையும் சுமக்க வேண்டிவரும்.

எடையும் பேட்டரியும் பொருட்படுத்த வேண்டியவையே. போஸ் எஸ்1 ப்ரோ என்ற பேட்டரி ஸ்பீக்கர் ஏறக்குறைய 7 கிலோ. எம்ஆர்டி ரயிலில் ஒரு கையால் கொண்டு செல்லலாம். 11 மணி நேரம் வரை ஓடும் என்று தயாரிப்பாளர் சொல்வது மிதமான ஒலியளவுக்கு மட்டுமே பொருந்தும். ஆனால் அதில் இருப்பவை மூன்று இணைப்புகளே. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால், நம் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று கவனியுங்கள்.

வாங்குமுன் இசைக்கருவிக் கடைகள் உள்ள பெனின்சுலா கடைத்தொகுதி போன்ற இடங்களுக்கு உங்கள் மைக்கையும் வயலினையும் எடுத்துச் செல்லுங்கள். பாடுபவரை ஸ்பீக்கருக்குச் சற்றுப் பின்னால் அமர்த்தி, வீறிடத் தொடங்கும்வரை ஒலியைக் கூட்டிப் பார்த்து, அந்த ஒலியளவைக் குறித்துக்கொண்டு அடுத்த மாடலையும் அவ்வாறே சோதியுங்கள்.