குதிகால் நாணுக்கு ஸ்டெம் செல் ஊசி தேவையா?

கேள்வி: எனக்கு வயது 46. இறகுப்பந்து ஆடுபவன். எட்டு மாதங்களாகக் குதிகாலுக்குச் சற்று மேலே வலியும் தடிப்பும் உள்ளன. தசைநாண் நைந்திருப்பதாக ஸ்கேன் காட்டுகிறது. தசைநாணுக்குள்ளேயே ஸ்டெம் செல்கள் உண்டு என்று படித்தேன். பின் ஏன் அது தானாக ஆறவில்லை? ஸ்டெம் செல் ஊசி போட்டால் நாண் புதிதாகிவிடும் என்று ஒரு மருத்துவமனையில் சொல்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் படித்தது சரியே. மனிதரின் பின்தொடை நாணிலும் எலியின் முழங்கால் நாணிலும் ஸ்டெம் செல்கள், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள், இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-இல் காட்டினார்கள். அந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. இச்செல்களைச் சூழ்ந்துள்ள பைகிளைகன், ஃபைப்ரோமாடுலின் என்னும் இரு புரதங்களும் இல்லாத எலிகளில், அவை நாண் திசுவோடு எலும்பையும் உருவாக்கத் தொடங்கின. செல் எதுவாக மாறும் என்பதில் அது இருக்கும் சூழலுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதால், நைந்துபோன நாணுக்குள் செல்லைச் செலுத்திவிட்டாலே அங்கே நல்ல நாண் விளையும் என்று எதிர்பார்க்க இயலாது.

தானாக ஆறாததற்கான விடை எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் பெருகி, உணவின் வழியே அக்காலத்தவர் உடலிலும் சேர்ந்தது. அதை அடையாளமாகக் கொண்டு குதிகால் நாண்களை அளந்த டென்மார்க் ஆய்வாளர்கள், நாணின் நடுப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவானபின் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2013-இல் தெரிவித்தனர். காயம் பட்டால் உடல் அங்கே ஒழுங்கற்ற இழைகள் கொண்ட தழும்புத் திசுவைத்தான் போடுகிறது. அதில் கொலாஜன் என்னும் இழைப் புரதத்தின் மூன்றாம் வகை மிகுதி, வலிமை குறைவு.

பந்தயக் குதிரைகளின் நாண் காயத்துக்கு எலும்பு மஜ்ஜை செல்களைச் செலுத்தும் முறை பிரிட்டனில் பல ஆண்டுகளாக உள்ளது; மீண்டும் காயமடைவது குறைந்ததாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் ஒப்பீடு பெரும்பாலும் பழைய பதிவுகளோடுதான் என்பதால், அதை உறுதியான சான்றாகக் கொள்ள இயலாது. மனிதர்களுக்கும் பொதுவாக மஜ்ஜை அல்லது கொழுப்பிலிருந்து எடுத்த செல்களே செலுத்தப்படுகின்றன. நாணின் சொந்தச் செல் வேண்டுமென்றால் நல்ல நாண் ஒன்றை வெட்டியாக வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ஸ்டெம் செல் சிகிச்சை வழக்கமான மருத்துவமாக ஏற்கப்பட்டிருப்பது பெரும்பாலும் ரத்தம் சார்ந்த நோய்களுக்கே. மற்றவை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். எனவே அந்த மருத்துவமனையில் ஆய்வுப் பதிவு எண்ணைக் கேளுங்கள். இல்லையென்றால் போட்டுக்கொள்ள வேண்டாம். அவர்கள் செலுத்துவது உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுச் செறிவுதானா (பி.ஆர்.பி.) என்றும் கேளுங்கள். அது ஸ்டெம் செல் அன்று. பிரிட்டனில் 240 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான சோதனையில், குதிகால் நாண் வலிக்கு அது போலி ஊசியைவிடப் பயன் தரவில்லை.

ஸ்வீடனில் 1998-இல் வெளியான பயிற்சி முறையைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டியும் மடக்கியும் தலா 15 முறை, மூன்று சுற்று, நாளுக்கு இரு வேளை, 12 வாரம். இயன்முறை மருத்துவரிடம் கற்றுத் தொடங்குங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் குதிகால் நாணைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதால், வேறு நோய்க்குச் செல்லும்போதும் மருத்துவரிடம் இந்த வலியைக் குறிப்பிடுங்கள். ஆட்டத்தின்போது காலின் பின்புறம் யாரோ அடித்ததுபோல் 'பட்'டென்று உணர்ந்தால், அன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.