எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

கேள்வி: நான் குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வேலூருக்கு வந்து, லாங் பஜார் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். புத்தகத் திருவிழாவில் முதல்முறையாக மனசு கொண்ட மட்டும் வாங்கினேன். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம், பெரிய ரஷ்ய நாவல் ஒன்று, மு.வ. உரையோடு திருக்குறள், 1806 வேலூர்ப் புரட்சி பற்றி ஒரு சின்னப் புத்தகம், சிறுகதைத் தொகுப்பு மூன்று, சமையல் ஒன்று, போட்டித் தேர்வுக்கு இரண்டு, பையனுக்கு மூன்று. ஆக 17. ஒரு வருடத்தில் முடிக்க அட்டவணை எழுதி பீரோவில் ஒட்டியிருக்கிறேன். தடியான புத்தகத்தை முதலில் முடித்துவிடலாம் என்று ரஷ்ய நாவலை எடுத்தேன். ஒரு மாதத்தில் நாற்பது பக்கம்கூடத் தாண்டவில்லை. பஸ்ஸில் படித்தால் தலை சுற்றுகிறது. இரவில் தூக்கம் வந்துவிடுகிறது. "காசைக் கரியாக்கிட்டியே" என்று அத்தை சொல்லும்போதெல்லாம் அழுகை வருகிறது. நான் எப்படிப் படிப்பது?

பதில்: அன்புத் தோழி, முதலில் பீரோவில் இருக்கும் அந்த அட்டவணையைக் கிழித்துவிடுங்கள். கணக்கு எழுதும் கை அல்லவா, புத்தகத்தையும் வரவு செலவாக எழுதிவிட்டது. மாதத்துக்கு இத்தனை என்று வைத்தால் ஒவ்வொரு இரவும் பாக்கி விழும். பாக்கி விழுந்த இடத்தில் புத்தகத்தின் மேல் ஆசை நிற்காது.

ரஷ்ய நாவலை மூடி வைப்பதில் தப்பே இல்லை. அங்கே ஒருவருக்கு அவர் பெயர், அப்பா பெயரிலிருந்து வரும் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று உண்டு. போதாததற்கு வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் வேறு. ஒரே ஆளை நாலு ஆளாக நினைத்துத் திணறிப் போவோம். பிறகு எடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் பெயர்களையும் உறவையும் எழுதி உள்ளே செருகிக்கொள்ளுங்கள், ஓடிவிடும். இப்போதைக்கு அது காத்திருக்கட்டும்.

நீங்கள் தொடங்க வேண்டியது அந்த 1806 புத்தகத்தில். சின்னதாக இருக்கிறது என்பதால் மட்டும் சொல்லவில்லை. உங்கள் கடைக்கும் கோட்டைக்கும் நடக்கும் தூரம்தான். அந்தச் சுவருக்குள் ஜூலை 10-ஆம் தேதி விடியும் முன் நடந்ததைப் பற்றிய புத்தகம் அது. புது மாதிரித் தலைப்பாகை போட வேண்டும், நெற்றியில் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற ஆங்கிலேயரின் உத்தரவுகளால் கொதித்துப்போன சிப்பாய்கள் அன்று எழுந்தார்கள். திப்புவின் பிள்ளைகள் அப்போது அந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள். முந்தின நாள் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து சேர்ந்ததும் எல்லாம் திசை மாறியது. மதியம் சாப்பிட்ட பிறகு கிடைக்கும் கால் மணி நேரத்தில் அகழி ஓரத்துப் பூங்காவில் உட்கார்ந்து நாலு பக்கம் படியுங்கள். ஒரு வாரம் போனதும், படித்த இடத்தைத் தேடிக் கோட்டைக்குள் நடந்து பாருங்கள். தினமும் பார்த்துப் பார்த்துப் பழகிய சுவர் அன்றைக்கு வேறு மாதிரி தெரியும். அந்த ருசி ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த புத்தகத்தை எடுக்க யாரும் சொல்ல வேண்டாம்.

அப்புறம் பொன்னியின் செல்வன். ஐந்து பாகத்தையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது மொத்தமாகப் படிக்க எழுதிய கதை இல்லை. 1950-லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாரா வாரம் வந்த தொடர். அடுத்த இதழுக்காக வாசகர்கள் ஏழு நாள் காத்திருந்தார்கள். அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் சின்னது, முடியும் இடத்தில் ஒரு கொக்கி இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் போதும், அதற்கு மேல் ஆசைப்பட்டால் மட்டும் இரண்டு.

கதை வீராணம் ஏரிக்கரையில் தொடங்கி, காவிரிக் கரை, ஈழம் என்று போகும். அது நம் ஊர்க் கதை இல்லையே என்று நினைத்துவிடாதீர்கள். குதிரையில் வருகிற வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். வாணர்களின் கல்வெட்டுகள் நம் திருவல்லம் கோயிலிலேயே இருக்கின்றன. சோழர்களை நடுங்க வைத்த தக்கோலப் போர் 949-இல் நடந்தது. அந்தத் தக்கோலம் அரக்கோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. யானை மேல் இருந்தபடியே இளவரசர் இராஜாதித்தர் உயிர் விட்டது அங்கேதான். கதையில் அரசராக வரும் சுந்தர சோழரின் தந்தை அரிஞ்சயருக்காக, அவருடைய பேரன் இராஜராஜன் பின்னாளில் எழுப்பிய கோயில், திருவல்லத்துக்கு வடக்கே பொன்னை ஆற்றங்கரையில் மேல்பாடியில் நிற்கிறது. நானும் வட ஆற்காட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனாலும் இந்த ஊர்களின் பெயரை பஸ் பலகையில் மட்டுமே படித்துக்கொண்டிருந்தேன். கதையைப் படித்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். நாற்பது வயது ஆகிவிட்டது அதற்கு.

திருக்குறளை இந்த வரிசையிலேயே சேர்க்காதீர்கள். அது முடிக்கிற புத்தகம் இல்லை. வாரத்துக்கு ஒரு அதிகாரம் என்று போனாலும் 133 வாரம், இரண்டரை வருடம் வரும். வரட்டுமே. சமையலறையில் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். குக்கர் விசில் வருவதற்குள் ஒரு குறளும் உரையும் படித்துவிடலாம். மு.வ. உரை அத்தனை சுருக்கம், அத்தனை தெளிவு. வாலாஜா பக்கம் வேலத்துக்காரர், திருப்பத்தூரில் தமிழாசிரியராக இருந்தவர். பையனுக்குச் சொல்லித் தருவது போலவே எழுதியிருக்கிறார்.

சிறுகதைகளை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். சமையல் புத்தகத்துக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. போட்டித் தேர்வுப் புத்தகங்கள் இரண்டும் உங்களுக்காக வாங்கியவை என்றால் சரி. கடைக்காரர் சொன்னாரே என்று எடுத்திருந்தால், தெருவில் தேர்வு எழுதும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். சீர்காழியில் பிறந்து, நூலகத் துறைக்கே விதி வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் சொன்ன ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது. அந்த இரண்டுக்கும் உரிய வாசகர் நீங்களாகத்தான் இருக்க வேண்டுமா என்ன?

புத்தகங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டியும் வைக்காதீர்கள். ஆசையாக வாங்கிய ஒரு தொகுதியை மூன்று வருடம் அப்படிக் கட்டி வைத்துவிட்டு, பிரித்தபோது நான் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அட்டை ஓரத்துப் பசையை ராமபாணப் பூச்சி அரித்துத் தின்றிருந்தது. காய்ந்த வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும் அலமாரியில் போடுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துத் தூசி தட்டி, நிழலில் காற்றாட வையுங்கள்.

இனி அத்தை விஷயம். காசு வீணாகவில்லை என்று அவரிடம் வாதாட வேண்டாம். அவர் கேட்டது காசைப் பற்றி இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் நீங்கள் கையில் புத்தகத்தோடு ஒரு மூலைக்குப் போய்விடுகிறீர்கள், அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பொன்னியின் செல்வனை வாய்விட்டுப் படியுங்கள். பத்திரிகை வந்த காலத்தில் பல வீடுகளில் ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டதுதான் வழக்கம். உங்களுக்கும் தூக்கம் வராது, பையனும் வந்து உட்காருவான். முதல் இரண்டு நாள் அத்தை கேட்காதது போலத்தான் இருப்பார். ஏதாவது ஒரு நாள் நீங்கள் நடுவில் நிறுத்தினால், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று அவர் குரல் வரும்.

முதல் பாகம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்பாடிக்குப் போய் வாருங்கள். கோயில் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு, புளிசாதம் கட்டிக்கொண்டு, அத்தையையும் அழைத்துக்கொண்டு போங்கள். கல்வெட்டுச் சுவரைக் காட்டி, அரிஞ்சயர் யார், சுந்தர சோழர் யார் என்று பையனுக்கு அத்தையையே சொல்லச் சொல்லுங்கள்.